மூன்றே எழுத்து, 645 பொருள்!

இங்கிலீஷில் ஒரு சின்னஞ்சிறு சொல் இருக்கிறது. மூன்றே எழுத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தை முதல் வருஷத்திலேயே கற்றுக்கொள்ளும் சொல்.

"ரன்!"

"ரன் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓடு" என்று சட்டென்று பதில் வரும்.

பதில் சரிதான். ஆனால் முழுப் பதில் அல்ல. 645 பதில்களில் அது ஒரே ஒரு பதில்!

ஆம். உலகப் புகழ் பெற்ற ஆக்ஸ்போர்டு பேரகராதியில், 'ரன்' என்ற சொல் வினைச்சொல்லாக வரும்போது மட்டும் அதற்கு 645 பொருள்கள் தரப்பட்டு இருக்கின்றன. அது பெயர்ச்சொல்லாக வரும்போது உள்ள பொருள்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவை தனி!

இத்தனை பொருள்களையும் யார் கண்டுபிடித்தார்கள்? எப்படிப் பிரித்தார்கள்? இங்கிலீஷ் படிக்கும் ஒருவர், ஒரு சொல் எந்த இடத்தில் எந்தப் பொருளில் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அது ஒரு சுவையான கதை. அதில் ஒரு தையற்காரர் மகன் வருகிறார். ஒரு கொலையாளி வருகிறார். யாழ்ப்பாணத்து மானிப்பாயும் வருகிறது!

ஓடுவதும் நிற்பதும்

முதலில் 'ரன்' என்ற சொல்லின் சேட்டையைப் பார்ப்போம்.

பையன் ரன் செய்தால், ஓடுகிறான். குழாய் ரன் செய்தால், தண்ணீர் கொட்டுகிறது. மூக்கு ரன் செய்தால், ஜலதோஷம்! துணியின் நிறம் ரன் செய்தால், சாயம் போகிறது. ஒருவர் கடையை ரன் செய்தால், கடை நடத்துகிறார். எந்திரம் ரன் செய்தால், அது வேலை செய்கிறது. சாலை ரன் செய்தால், அது ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்குப் போகிறது.

இன்னும் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் தேர்தல் வந்தால், வேட்பாளர் 'ரன்' செய்கிறார். அதாவது, ஓடுகிறார்! நம் ஊரில் அவர் தேர்தலில் 'நிற்கிறார்'. இங்கிலாந்திலும் நம்மைப் போலத்தான். அங்கேயும் வேட்பாளர் 'நிற்கிறார்'.

ஓடுவதும் நிற்பதும் ஒன்றாகிவிட்டது பார்த்தீர்களா?

'ரன்' இப்படிக் கொடி கட்டிப் பறப்பதற்கு முன்பு, முதல் இடத்தில் இருந்த சொல் 'செட்'. 1989-ம் ஆண்டு வெளிவந்த ஆக்ஸ்போர்டு அகராதியின் 2-வது பதிப்பில், 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு 430 பொருள்கள் இருந்தன. அதை விளக்க மட்டும் சுமார் 60 ஆயிரம் சொற்கள் தேவைப்பட்டன. ஒரு நாவலே எழுதி இருக்கலாம்!

நம் வீடுகளிலும் 'செட்' நுழைந்து விட்டது. வயலில் பம்ப் செட். தாத்தா வாயில் பல் செட். ஸ்டூடியோவில் சினிமா செட். ஓட்டலில் செட் தோசை. ஒரே சொல்தான். ஆனால் பல்லைக் கேட்டவரிடம் தோசையை யாரும் நீட்டுவது இல்லை. ஏன்?

பக்கத்தில் இருக்கும் சொல், பொருளைக் காட்டிக் கொடுத்து விடுகிறது. இதுதான் ரகசியம். இந்த ரகசியத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் உதவும்.

நாலும் எட்டும்

சொற்களை இனம் பிரிப்பது நமக்குப் புதிது அல்ல. பெயர்ச்சொல், வினைச்சொல், இடைச்சொல், உரிச்சொல் என்று தமிழில் நால்வகைச் சொற்களைத் தொல்காப்பியமே கூறுகிறது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதும் நமக்குப் பழகிய சங்கதிதான். 'படி' என்றால் படிக்கலாம், ஏறலாம், அரிசியும் அளக்கலாம்! 'மாலை' கழுத்திலும் விழும். பொழுது சாயும்போதும் வரும். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில், பல பொருள் தரும் சொற்களுக்கு என்றே ஒரு தனித் தொகுதி உண்டு.

இங்கிலீஷ் பள்ளி இலக்கணத்தில் சொற்களை எட்டு வகையாகப் பிரிப்பார்கள். பெயர்ச்சொல். பெயருக்குப் பதிலாக வரும் 'அவன், அவள், அது' போன்ற சொல். வினைச்சொல். பெயரின் குணத்தைச் சொல்லும் சொல். வினையின் தன்மையைச் சொல்லும் சொல். பெயருக்கு முன்னால் நின்று 'மேல், கீழ், உள்ளே' என்று இடம் காட்டும் சொல். இரண்டை இணைக்கும் சொல். 'ஐயோ, ஆகா' போன்ற சொல்.

எட்டுத்தானே! மனப்பாடம் செய்துவிட்டால் போயிற்று என்று நினைக்கலாம். அங்கேதான் வம்பு. இங்கிலீஷில் ஒரு சொல் ஒரே வகையில் அடங்கி இருப்பது இல்லை. காலையில் பெயர்ச்சொல்லாக இருக்கும். மாலையில் வினைச்சொல்லாக மாறிவிடும்!

'புக்' என்றால் புத்தகம். பெயர்ச்சொல். ஆனால் பஸ்சுக்கு டிக்கெட் 'புக்' செய்கிறோம். போலீசார் 'கேஸ் புக்' செய்கிறார்கள். அங்கே அது வினைச்சொல். பெயரைப் புத்தகத்தில் பதிவு செய்வதில் இருந்து வந்த பொருள் அது. புத்தகம் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் 'புக்' போகவில்லை!

வால் போன கதை

இங்கிலீஷில் மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்? அதற்கு ஒரு காரணம் உண்டு.

தமிழில் சொல்லின் கடைசியில் ஒரு வால் இருக்கிறது. 'இராமன் கண்ணனை அழைத்தான்' என்று சொல்லலாம். 'கண்ணனை இராமன் அழைத்தான்' என்று மாற்றியும் சொல்லலாம். இரண்டும் ஒன்றுதான். 'ஐ' என்ற வால் கண்ணனோடு ஒட்டிக்கொண்டு இருக்கும்வரை, அழைக்கப்பட்டவன் கண்ணன்தான். 'ஆன்' என்ற வால் இருப்பதால், 'அழைத்தான்' என்பது வினைச்சொல் என்று குழந்தைக்கும் தெரிகிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலீஷிலும் இப்படிப்பட்ட வால்கள் இருந்தன. அன்பு என்ற பெயர்ச்சொல் 'லுவு' என்று இருந்தது. அன்பு செய்தல் என்ற வினைச்சொல் 'லுவியன்' என்று இருந்தது. இரண்டுக்கும் வால் வேறு.

பிறகு சில நூற்றாண்டுகளில் அந்த வால்கள் தேய்ந்தன. 'லுவு' என்பதும் 'லவ்' ஆயிற்று. 'லுவியன்' என்பதும் 'லவ்' ஆயிற்று. எது பெயர், எது வினை என்பதைச் சொல்லின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போயிற்று.

வால் போன பிறகு, இடம்தான் எல்லாம். இங்கிலீஷில் இராமனையும் கண்ணனையும் இடம் மாற்றி வைத்தால், அழைத்தவன் மாறிவிடுவான்! யார் முன்னால் நிற்கிறார், யார் பின்னால் நிற்கிறார் என்பதுதான் அங்கே இலக்கணம்.

அக்கம்பக்கம் பார்!

ஆகவே, இங்கிலீஷ் சொல்லின் இனத்தைக் கண்டுபிடிக்க அக்கம்பக்கம் பார்க்க வேண்டும்.

முன்னால் 'எ' அல்லது 'தி' இருந்தால், சற்றுத் தள்ளி ஒரு பெயர்ச்சொல் வருகிறது என்று அர்த்தம். 'எ புக்', 'தி புக்' என்பவை புத்தகம்.

முன்னால் 'டு' இருந்தால், பெரும்பாலும் அது வினைச்சொல். 'டு புக் எ டிக்கெட்' என்றால் டிக்கெட் பதிவு செய்ய. ஆனால் 'டு'வுக்குப் பிறகு 'தி' வந்துவிட்டால் கதை வேறு. 'டு தி ஷாப்' என்றால் கடைக்கு.

கடைசியில் 'இங்' சேர்த்துப் பாருங்கள். 'ரன்னிங்', 'புக்கிங்' என்று பொருந்தி வந்தால், அந்தச் சொல்லுக்கு வினைச்சொல் ஆகும் குணம் உண்டு.

காதும் உதவி செய்யும். 'ரெக்கார்டு' என்ற சொல்லின் முதல் பகுதியை அழுத்திச் சொன்னால், அது பதிவு, பெயர்ச்சொல். இரண்டாவது பகுதியை அழுத்திச் சொன்னால், பதிவு செய், வினைச்சொல். எழுத்து ஒன்றுதான். அழுத்தம்தான் வேறு.

இப்போது 'ரவுண்டு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஐந்து வேஷம் போடும் நடிகன்!

'எ ரவுண்டு டேபிள்' என்றால் வட்டமான மேஜை. மேஜையின் குணத்தைச் சொல்கிறது.

'தி செகண்டு ரவுண்டு' என்றால் குத்துச்சண்டையில் இரண்டாவது சுற்று. பெயர்ச்சொல்.

'டு ரவுண்டு தி கார்னர்' என்றால் தெரு முனையைச் சுற்றித் திரும்ப. வினைச்சொல்.

'டர்ன் ரவுண்டு' என்றால் பின்பக்கம் திரும்பு. எப்படித் திரும்புவது என்று வினைக்கு விளக்கம் தருகிறது.

'வாக் ரவுண்டு தி டெம்பிள்' என்றால் கோவிலைச் சுற்றி நட. 'டெம்பிள்' என்ற பெயருக்கு முன்னால் நின்று இடம் காட்டுகிறது.

சொல் மாறவில்லை. அக்கம்பக்கம் மாறியது. வேஷம் மாறிவிட்டது!

வேகமும் உண்ணாவிரதமும்

சொல்லின் இனம் தெரிந்தால், பாதிப் பொருள் தெரிந்த மாதிரி. மீதிப் பாதிக்குச் சொல்லின் பூர்வீகம் தெரிய வேண்டும்.

'பாஸ்ட்' என்றால் வேகம் என்பது எல்லோருக்கும் தெரியும். 'பாஸ்ட் பாசஞ்சர்' ரெயில் நமக்குப் பழக்கம். ஆனால் சேற்றில் வண்டி 'ஸ்டக் பாஸ்ட்' ஆகிவிட்டது என்றால், வண்டி வேகமாகப் போகிறது என்று பொருள் அல்ல. அசையாமல் அகப்பட்டுக் கொண்டது என்று பொருள்! 'எ பாஸ்ட்' என்றால் உண்ணாவிரதம்.

ஓடுவதும் 'பாஸ்ட்'. அசையாமல் நிற்பதும் 'பாஸ்ட்'. சாப்பிடாமல் இருப்பதும் 'பாஸ்ட்'. இது என்ன அநியாயம் என்று தோன்றும்.

ஆனால் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆதியில் அந்தச் சொல்லுக்கு 'உறுதி' என்று பொருள். உறுதியாகப் பற்றிக்கொண்டால், அசைவு இல்லை. விரதத்தை உறுதியாகக் கடைப்பிடித்தால், உண்ணாவிரதம். விடாமல் உறுதியாக ஓடினால், வேகம்! தாயைத் தெரிந்துகொண்டால், பிள்ளைகள் சண்டை போடவில்லை என்பது புரிகிறது.

வேறு சில சொற்கள் உருவத்தில் ஒன்று போல இருக்கும். ஆனால் உறவு கிடையாது. கிரிக்கெட் ஆடும் மட்டைக்கு 'பேட்' என்று பெயர். வவ்வாலுக்கும் 'பேட்' என்றே பெயர். வவ்வாலின் பழைய பெயர் வேறு ஒலியோடு இருந்தது. நாளடைவில் மாறி மட்டையின் பெயரோடு வந்து கலந்துவிட்டது. இரண்டு குடும்பம். ஒரே விலாசம்!

இந்தப் பூர்வீகத்தை எல்லாம் தேடிப் பிடித்து எழுதியவர்களின் கதைதான் இனி வருவது.

தையற்காரர் மகன்

1857-ம் ஆண்டு. லண்டனில் மொழி ஆராய்ச்சிச் சங்கம் ஒன்று இருந்தது. "இங்கிலீஷ் அகராதிகள் அரைகுறையாக இருக்கின்றன. புதிதாக ஒன்று செய்ய வேண்டும்" என்று அந்தச் சங்கத்தில் பேச்சு எழுந்தது.

சாதாரண அகராதி அல்ல. ஒவ்வொரு சொல்லும் எப்போது பிறந்தது, எந்தக் காலத்தில் என்ன பொருளில் வழங்கியது என்று, புத்தகங்களில் இருந்து சாட்சியோடு காட்ட வேண்டும். சாட்சி இல்லாத பொருளுக்கு இடம் இல்லை!

வேலை தொடங்கியது. முதல் ஆசிரியராகப் பொறுப்பேற்ற ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 30-வது வயதிலேயே, 1861-ம் ஆண்டில் காலமானார். அடுத்து வந்த பர்னிவல் கெட்டிக்காரர். ஆனால் ஆயிரம் வேலை உள்ளவர். அகராதி தூங்கியது.

1879-ம் ஆண்டு அந்தப் பொறுப்பு ஒரு பள்ளி ஆசிரியரிடம் வந்தது. அவர்தான் ஜேம்ஸ் மர்ரே.

மர்ரே 1837-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தந்தை தையற்காரர். வீட்டில் வசதி இல்லை. 14 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட வேண்டி வந்தது. ஆனால் படிப்புக்கு முழுக்குப் போடவில்லை. தாமாகவே மொழிகளைக் கற்றார். 17 வயதில் ஆசிரியர் ஆகிவிட்டார்.

"10 ஆண்டில் முடித்துவிடலாம்" என்று எல்லோரும் நம்பினார்கள்.

எலி நடத்திய குடித்தனம்

பர்னிவல் வீட்டில் இருந்து காகிதத் துண்டுகள் மர்ரேயிடம் வந்து சேர்ந்தன. எவ்வளவு தெரியுமா? சுமார் 2 டன்! பல ஆண்டுகளாகத் தொண்டர்கள் எழுதி அனுப்பியவை அவை. ஒரு மூட்டையில் எலி செத்துக் கிடந்தது. இன்னொன்றில் சுண்டெலி ஒன்று குட்டிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டு இருந்தது!

'எச்' எழுத்துக்கான துண்டுகளைக் காணோம். அவை இத்தாலியில் இருந்தன. 'பி' எழுத்தில் ஒரு பகுதி அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் அகப்பட்டது. பெரும்பகுதியை அடுப்புப் பற்றவைக்கப் பயன்படுத்தி விட்டார்கள்!

மர்ரே மனம் தளரவில்லை. தோட்டத்தில் ஓர் இரும்புத் தகரக் கொட்டகை போட்டார். அதில் 1,029 மாடங்கள் அமைத்தார். சொற்கள் அகர வரிசையில் மாடத்துக்குப் போயின.

1885-ம் ஆண்டு அவர் ஆக்ஸ்போர்டுக்குக் குடிபோனார். அங்கும் ஒரு கொட்டகை. அது கண்ணை உறுத்துகிறது என்று பக்கத்து வீட்டார் ஆட்சேபித்தார். அதனால் தரையைத் தோண்டிப் பள்ளத்தில் அமைத்தார்கள். குளிரும் ஈரமும் வாட்டின. மர்ரே கால்களை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்தார்.

அவருக்கு 11 குழந்தைகள். காகிதத் துண்டுகளை அகர வரிசைப்படுத்துவது குழந்தைகளின் வேலை. மணிக்குச் சில பென்னி கூலி. மிட்டாய் வாங்கக் காசும் கிடைத்தது, இங்கிலீஷும் வந்தது!

வந்து குவிந்த தபால்களுக்காக, வீட்டு வாசலிலேயே ஒரு தபால் பெட்டியை நிறுத்தினார்கள்.

மேஜை மேல் சதுரங்கம்

வேலை நடந்த முறை எளிமையானது.

ஒரு துண்டுக் காகிதம். அதன் தலையில் ஒரு சொல். கீழே, அந்தச் சொல் வரும் ஒரு வாக்கியம். எந்தப் புத்தகம், யார் எழுதியது, எந்த ஆண்டு, எத்தனையாவது பக்கம் என்ற விவரம். அவ்வளவுதான்.

ஒரு சொல்லுக்கு உரிய துண்டுகளை எல்லாம் மேஜையில் பரப்புவார்கள். முதலில் இனம் பிரிப்பார்கள். பெயர்ச்சொல் ஒரு பக்கம், வினைச்சொல் ஒரு பக்கம். பிறகு பொருள் பிரிப்பார்கள். ஒரே பொருள் உள்ளவை ஒரு குவியல். கடைசியில் ஆண்டு வாரியாக அடுக்குவார்கள். மூத்த பொருள் முதலில். இளைய பொருள் பின்னால்.

கேட்பதற்குச் சுலபம். செய்து பார்த்தால் தெரியும்! முப்பது, நாற்பது குவியல்கள் சேர்ந்துவிடும். இந்தத் துண்டு அந்தக் குவியலா, அடுத்த குவியலா என்று மணிக்கணக்கில் தடுமாற வேண்டும். சதுரங்கக் காய்களை நகர்த்துவது போல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டி இருக்கிறது என்று மர்ரே சொன்னார்.

சில சமயம் கை தவறுவதும் உண்டு. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்டுமெய்டு' என்ற சொல்லின் துண்டுகள் காணாமல் போயின. அந்தச் சொல் இல்லாமலேயே அந்தப் பகுதி அச்சாகி வெளிவந்துவிட்டது. பிறகுதான் துண்டுகள் கிடைத்தன. 1933-ம் ஆண்டு வந்த பிற்சேர்க்கையில்தான் அதற்கு இடம் கிடைத்தது!

மானிப்பாயும் மைனரும்

வாசகர்களிடம் உதவி கேட்டு மர்ரே வேண்டுகோள் வெளியிட்டார். பல ஊர்களில் இருந்தும் காகிதத் துண்டுகள் வந்தன. அவற்றில் மிகச் சிறந்தவற்றை அனுப்பியவர்களில் ஒருவர், டாக்டர் வில்லியம் மைனர்.

மைனர் என்றதும் சில்க் ஜிப்பாவும் தங்கச் சங்கிலியும் நினைவுக்கு வரலாம். இது அந்த மைனர் அல்ல, குடும்பப் பெயர். இந்தச் சொல்லுக்கே பாருங்கள், எத்தனை பொருள்! இங்கிலீஷில் வயது வராதவரும் மைனர். சின்ன விஷயமும் மைனர். தமிழ்நாட்டுக்கு வந்ததும் அது ஜிப்பா போட்டுக்கொண்டது!

டாக்டர் மைனர் 1834-ம் ஆண்டு இலங்கையில் பிறந்தவர். பெற்றோர் அமெரிக்கப் பாதிரி சங்கத்தைச் சேர்ந்தவர்கள். தந்தை, யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள மானிப்பாயில், அந்தச் சங்கத்தின் அச்சுக்கூடத்தை நடத்தினார். 1842-ம் ஆண்டு அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தில் ஒரு தமிழ் அகராதி அச்சாயிற்று. 'மானிப்பாய் அகராதி' என்றே அதற்குப் பெயர். தமிழ் அகராதி அச்சான காலத்தில் அங்கே சிறுவனாக இருந்தவர், பின்னால் இங்கிலீஷ் அகராதிக்கு உழைத்தார்!

14 வயதில் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். டாக்டர் ஆனார். உள்நாட்டுப் போரில் ராணுவ டாக்டராக வேலை பார்த்தார். பிறகு அவருக்கு மனநோய் கண்டது. இரவில் யாரோ அறைக்குள் நுழைந்து தம்மைத் துன்புறுத்துவதாகப் பிரமை. நிம்மதி தேடி லண்டனுக்கு வந்தார்.

1872-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி. பொழுது விடியவில்லை. ஜார்ஜ் மெரட் என்ற தொழிலாளி வேலைக்குப் போய்க்கொண்டு இருந்தார். அறைக்குள் நுழைந்தவன் அவன்தான் என்று நினைத்து, மைனர் துப்பாக்கியால் சுட்டார். ஒரு பாவமும் அறியாத மெரட் உயிர் இழந்தார். அவருக்கு ஆறு குழந்தைகள். மனைவி கர்ப்பிணி.

புத்தி பேதலித்த நிலையில் செய்த செயல் என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மைனரைப் பிராட்மூர் மனநோய் விடுதியில் அடைத்தார்கள்.

அங்கே அவருக்குப் புத்தகங்களே துணை. விதவையான மெரட்டின் மனைவி, கணவரைக் கொன்றவரை மன்னித்தார். விடுதிக்கு வந்து பார்த்தார். புத்தகங்களும் கொண்டுவந்து கொடுத்தார்!

மர்ரேயின் வேண்டுகோள் மைனர் கண்ணில் பட்டது. பழைய புத்தகங்களைப் புரட்டி, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பட்டியல் போட்டார். "இப்போது எந்தச் சொல்லுக்குச் சாட்சி வேண்டும்?" என்று கேட்டு எழுதுவார். கேட்ட சொல்லுக்கு உடனே துண்டுகள் வந்து சேரும்.

1891-ம் ஆண்டு மர்ரே நேரில் போய் மைனரைச் சந்தித்தார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். கடந்த 400 ஆண்டு இங்கிலீஷ் சொற்களுக்கு மைனர் தந்த சாட்சிகளே போதும் என்ற அளவுக்கு மர்ரே பாராட்டினார்.

மைனரின் உடலும் மனமும் தளர்ந்தன. 1910-ம் ஆண்டு, அப்போது உள்நாட்டு மந்திரியாக இருந்த சர்ச்சில் அவரை அமெரிக்காவுக்கு அனுப்ப உத்தரவிட்டார். 1920-ம் ஆண்டு மைனர் காலமானார். உலகம் அவருக்குக் கம்பிக் கதவைத்தான் கொடுத்தது. அவர் உலகத்துக்குச் சொற்களைக் கொடுத்தார்.

'டி'யில் நின்ற பேனா

10 ஆண்டில் முடியும் என்றார்களே, என்ன ஆயிற்று?

ஐந்து ஆண்டு கழித்து, 1884-ம் ஆண்டு முதல் பகுதி வெளிவந்தது. 352 பக்கம். 'ஏ'யில் தொடங்கி 'ஆன்ட்' வரை! அதாவது, ஐந்து ஆண்டில் எறும்பு வரைக்கும்தான் வர முடிந்தது. எறும்பு ஊர்வது போலத்தான் வேலையும் ஊர்ந்தது.

மர்ரேக்கு 1908-ம் ஆண்டு 'சர்' பட்டம் கிடைத்தது. தாடி நரைத்தது. வேலை முடியவில்லை. 1915-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி அவர் கண்ணை மூடினார். அப்போது 'டி' எழுத்தில் வேலை நடந்துகொண்டு இருந்தது. 36 ஆண்டு உழைத்தவர், முழு அகராதியைப் பார்க்கவில்லை.

அவரோடு உழைத்த பிராட்லி, கிரெய்கி, ஆனியன்ஸ் ஆகியோர் வேலையைத் தொடர்ந்தார்கள். பிராட்லியும் 1923-ம் ஆண்டில் காலமானார். 1928-ம் ஆண்டு அகராதி நிறைவேறியது. 4 லட்சத்து 14 ஆயிரத்து 825 சொற்கள். 18 லட்சத்துக்கு மேற்பட்ட சாட்சி வாக்கியங்கள்!

அதிலே நம் 'கட்டுமரம்' இருக்கிறது. 'கட்டமரான்' என்று பெயரைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு இருக்கிறது. நம் சுருட்டும் 'செரூட்' என்ற பெயரில் புகைகிறது.

2000-ம் ஆண்டு முதல் அந்த அகராதி இணையத்தில் கிடைக்கிறது. புதிய பொருள்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. 'ரன்' என்ற சொல் 645 பொருளை எட்டியது அப்படித்தான்.

நாம் செய்யக்கூடியது

மேதைகளே சொற்களோடு மல்லுக்கட்டினார்கள் என்றால், புதிதாக இங்கிலீஷ் படிப்பவர் தடுமாறுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

"ரன் என்றால் ஓடு" என்று மனப்பாடம் செய்த பையன், "மூக்கு ஓடுகிறது" என்று மொழிபெயர்த்தால் சிரிக்காதீர்கள். அவன் முதல் பொருளைத் தெரிந்துகொண்டு விட்டான். இரண்டாவது பொருள் வாசலில் நிற்கிறது. கதவைத் திறந்துவிடுங்கள்.

மர்ரேயின் முறையை வீட்டிலேயே பின்பற்றலாம். செலவு ஒன்றும் இல்லை. பழைய காலண்டர் தாளைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். புதிய சொல்லைத் தலையில் எழுதுங்கள். அது வந்த வாக்கியத்தைக் கீழே எழுதுங்கள். பக்கத்துச் சொற்களைப் பார்த்து, பெயரா, வினையா என்று குறியுங்கள். பிறகு பொருளை எழுதுங்கள். அதே சொல் வேறு இடத்தில் வந்தால், வேறு துண்டு.

தனிச் சொல்லை மனப்பாடம் செய்தால், அது ஊர் பேர் தெரியாத ஆள் மாதிரி. வாக்கியத்தோடு எழுதி வைத்தால், வீடு வாசல் தெரிந்த ஆள் மாதிரி. எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும்.

தினம் ஒரு துண்டு போதும். குழந்தைகளிடம் அடுக்கி வைக்கக் கொடுங்கள். மர்ரே வீட்டில் குழந்தைகள்தானே அடுக்கினார்கள்! மறக்காமல் ஒரு மிட்டாயும் கொடுங்கள்.